கோர்ட்டுக்குப் போகலாமா, வேண்டாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் 2022இல் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு மெக்சிகோ எல்லை வழியாக அமெரிக்கா வந்தோம். இப்போது நியூயார்க் குயின்ஸில் இருக்கிறோம். என் கணவருடைய பெயரில் அசைலம் (அடைக்கலம் கோரும்) கேஸ் நடக்கிறது, நானும் மகனும் அதே கேஸில்தான். படிவத்தை ஒரு கன்சல்டன்ட் நிரப்பித் தந்தார், லோயர் இன்னும் வைக்கவில்லை. இவருக்கு வொர்க் பெர்மிட் இருக்கிறது, ஒரு உணவகத்தில் வேலை செய்கிறார். மகனுக்கு 14 வயது. மகள் இங்கே பிறந்தவள், 2 வயது. அடுத்த மாதம் கோர்ட் தேதி. போனவர்களைக் கோர்ட் தாழ்வாரத்திலேயே பிடிக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இவர் போக வேண்டாம், வீடு மாறிவிடலாம் என்கிறார். தெரிந்த ஒருவர் 4,000 டாலர் கொடுத்தால் கோர்ட்டுக்குப் போகாமலே அலுவலை முடித்துத் தருகிறேன் என்கிறார். மகனைப் பள்ளிக்கு அனுப்பவும் பயமாக இருக்கிறது. இவரைப் பிடித்துக்கொண்டு போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பதைவிட உங்கள் குடும்பத்துக்கு ஆபத்தான வேறு முடிவு இப்போதைக்கு இல்லை. உங்கள் கணவரின் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். 2025 கோடையிலிருந்து மன்ஹாட்டன் 26 ஃபெடரல் பிளாசா கட்டடத்தில், விசாரணை முடிந்து வெளியே வந்தவர்களை ஐஸ் எனப்படும் குடிவரவு அமலாக்கத் துறை அதிகாரிகள் தாழ்வாரத்தில் வைத்தே கைது செய்திருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசி உங்களுக்குத் தைரியம் சொல்வதில் பயனில்லை.

ஆனால் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். நீங்கள் வராத அன்றே, நீங்கள் இல்லாமலே, நீதிபதி வெளியேற்ற ஆணை போடலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. இன்றைக்கு உங்கள் கணவர் கேஸ் நடந்துகொண்டிருக்கும் ஒருவர். அந்த ஆணை வந்த பிறகு அவர் இறுதி ஆணை உள்ள ஒருவர். அப்போது பிடித்தால் நீதிபதி முன் நிறுத்த வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை, நேராக விமானம்தான். கூடவே பல குடிவரவுச் சலுகைகளைக் கேட்கவே 10 ஆண்டுத் தடை வரும். வொர்க் பெர்மிட்டும் கேஸோடு சேர்ந்து ஆட்டம் காணும். அந்த ஆணையை நீக்கக் கேட்கலாம்தான். கடும் நோய் போன்ற விதிவிலக்கான காரணம் இருந்தால் 180 நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். 'பயந்து போகவில்லை' என்பது அந்தக் காரணங்களில் சேர்வது மிக அரிது.

வீடு மாறும் யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசைலம் மனுவில் உங்கள் முகவரி, பிள்ளைகளின் பெயர், கைரேகை எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். அரசாங்கத்துக்கு உங்களைத் தெரியும். வீடு மாறினால் அவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க முடியாமல் போகப்போவதில்லை, கோர்ட் அனுப்பும் கடிதம்தான் உங்களைக் கண்டுபிடிக்காது. தேதி மாறியது தெரியாமலே ஆணை வாங்கியவர்களின் கோப்புகள் என் மேசையில் நிறைய வந்திருக்கின்றன. வாடகை காரணமாக உண்மையிலேயே மாற வேண்டி வந்தால் இரண்டு இடங்களுக்கு அறிவிக்க வேண்டும்: கோர்ட்டுக்கு இ.ஓ.ஐ.ஆர்-33 படிவம், 5 வேலை நாட்களுக்குள். குடிவரவுச் சேவைத் துறைக்கு ஏ.ஆர்-11, 10 நாட்களுக்குள். ஒன்றைக் கொடுத்தால் மற்றதற்கும் போய்ச் சேரும் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். சேராது.

கோர்ட் தேதியை 1-800-898-7180 என்ற தானியங்கி எண்ணில் ஏ நம்பரை (உங்கள் குடிவரவுக் காகிதங்களில் ஏ என்ற எழுத்தோடு தொடங்கும் எண்) அழுத்திப் பார்க்கலாம், இணையத்திலும் பார்க்கலாம். வாரம் ஒரு முறை பாருங்கள். தேதி முன்னாலும் வரும், பின்னாலும் போகும், நீதிபதி மாறுவார், கட்டடமும் மாறும். நியூயார்க்கில் குடிவரவு நீதிமன்றம் 26 ஃபெடரல் பிளாசாவில் மட்டும் இல்லை, வாரிக் தெருவிலும் பிராட்வேயிலும் இருக்கிறது.

சரி, போவதென்றால் எப்படிப் போவது?

முதல் வேலை, வக்கீல். குடிவரவு நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அரசாங்கம் செலவு செய்து ஒருவரைத் தராது. குற்ற வழக்கில் தருவதுபோல இங்கே தருவார்கள் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். அடுத்த விசாரணைக்குள் வக்கீல் கிடைக்காவிட்டால், வக்கீல் தேட அவகாசம் வேண்டும் என்று நீதிபதியிடமே கேட்கலாம். யார் யாரிடம் உதவி கேட்டீர்கள் என்று எழுதி வைத்திருங்கள், அதைக் காட்டினால் கேட்பதற்கு வலு வரும்.

வக்கீலோடு பேசும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்டு மனுப் போட முடியுமா? சில நீதிபதிகள் தருகிறார்கள், சிலர் தருவதில்லை. எப்படியும் முன்கூட்டியே கேட்க வேண்டும், காலையில் போன் போட்டு ஆகாது. மகன் நேரில் வராமலிருக்க விலக்கு கேட்க முடியுமா? சிறுவர்களுக்கு அப்படிக் கேட்பதுண்டு. விலக்கு எழுத்தில் கையில் வரும்வரை அவனும் வந்தாக வேண்டும். மூன்றாவது, அன்று கைது நடந்தால் ஹேபியஸ் கார்பஸ் (தடுத்து வைத்ததை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றத்தில் போடும்) மனுப் போட நீங்கள் தயாரா, அல்லது போடுகிற ஒருவரை இப்போதே சொல்லி வைக்க முடியுமா?

இந்த மூன்றாவது கேள்விக்கு ஏன் அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், பிடிபட்டவரை ஓரிரு நாளில் லூசியானா, டெக்சாஸ் என்று வேறு மாநிலத்துக்கு மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஹேபியஸ் மனுவை அவர் அடைக்கப்பட்டிருக்கும் வட்டாரத்தின் ஃபெடரல் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். அவர் நியூயார்க்கில் இருக்கும்போதே போட்டுவிட்டால் இங்குள்ள நீதிபதிதான் கேட்பார். இன்னொரு காரணமும் உண்டு. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களுக்குப் பிணை விசாரணையே கிடையாது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2025 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. அதை ஏற்காத ஃபெடரல் நீதிபதிகள் பலர், ஹேபியஸ் மனு மூலம் ஆட்களை விடுவித்திருக்கிறார்கள் அல்லது பிணை விசாரணை நடத்த உத்தரவிட்டிருக்கிறார்கள். ஆக, அந்த முதல் சில மணி நேரம் விலை மதிப்பற்றது. கணவரின் கையெழுத்தோடு ஜி-28 என்ற வக்கீல் நியமனப் படிவம் முன்னதாகவே தயாராக இருக்கட்டும்.

அடுத்தது, விசாரணைக்குள் நடக்கக்கூடிய ஒன்று. அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, "இந்தக் கேஸை டிஸ்மிஸ் செய்யலாம்" என்று கேட்கக்கூடும். காதுக்கு நல்ல செய்திபோல இருக்கும். கேஸ் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று சிலர் நன்றிகூடச் சொல்லியிருக்கிறார்கள். கேஸ் தள்ளுபடியானால் அசைலம் விசாரணையும் அதோடு போய்விடும். வெளியே காத்திருக்கும் அதிகாரிகள், நீதிபதி இல்லாமலே முடிக்கும் துரித வெளியேற்ற முறையில் ஆளைக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். ஆகவே அப்படி ஒரு பேச்சு வந்தால்: "நான் இதை எதிர்க்கிறேன். என் அசைலம் கேஸ் நடக்க வேண்டும். எழுத்தில் பதில் தர அவகாசம் வேண்டும்." இந்த மூன்று வரிகளையும் கணவர் தமிழில் மனப்பாடமாக வைத்திருக்கட்டும், மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிடுவார். அந்தத் துரித முறையை, இங்கே இரண்டு ஆண்டுக்கும் குறைவாக இருந்தவர்கள் மீது நாடு முழுவதும் பயன்படுத்த 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதன் மேல் வழக்குகள் நடக்கின்றன. நீங்கள் 2022இலிருந்து இருக்கிறீர்கள். அதைக் காட்ட வாடகை ஒப்பந்தம், மகனின் பள்ளிப் பதிவு, மகள் பிறந்த மருத்துவமனைக் காகிதம் போன்றவற்றின் நகல்களைக் கையில் வைத்திருங்கள். அசல்கள் வீட்டில்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை. குடிவரவு நீதிமன்றத்தில் அவரைக் கோர்ட்டே இலவசமாகத் தரும். இலங்கைத் தமிழ் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அவர் பேசுவது புரியாவிட்டால் தலையாட்ட வேண்டாம், உடனே நீதிபதியிடம் சொல்லுங்கள். மரியாதைக்காகத் தலையாட்டிக் கெட்டுப்போன சாட்சியங்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 4,000 டாலர். கொடுக்காதீர்கள். கோர்ட்டுக்குப் போகாமல் கோர்ட் கேஸை முடிக்கும் வித்தை எந்த வக்கீலுக்கும் தெரியாது. நடக்கக்கூடியது இரண்டு: பணம் போகும், அல்லது உங்கள் பெயரில் பொய்யான ஒரு மனு போகும். இரண்டாவதுதான் மோசம். அசைலம் கேஸில் தெரிந்தே பொய் சொன்னதாக நீதிபதி முடிவு செய்தால், பிறகு அநேகமாக எந்தக் குடிவரவுச் சலுகைக்கும் வழியில்லாமல் போய்விடும். ஊர்க்காரர், கோயிலில் பார்த்தவர் என்பதெல்லாம் தகுதி ஆகாது. குடிவரவு நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசக்கூடியவர்கள், அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீல், அல்லது நீதித்துறை அங்கீகரித்த தொண்டு நிறுவனத்தில் முழு அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. வக்கீல் என்று சொல்பவரின் பெயரை அந்த மாநிலத்தின் வழக்கறிஞர் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

நியூயார்க்கில் குடிவரவு உதவி செய்வதாகப் பணம் வாங்கும் கன்சல்டன்ட்களுக்கென்றே சட்டம் இருக்கிறது. உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுத்து ஒப்பந்தம் தர வேண்டும், 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் அதை ரத்துச் செய்யலாம், சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை. உங்கள் படிவத்தை நிரப்பித் தந்தவரிடம் ஐ-589, அதாவது அசைலம் மனுப் படிவத்தின் முழு நகலை வாங்குங்கள். வாங்கி, தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் கேளுங்கள். அதில் உங்கள் கதைதான் இருக்கிறதா, அல்லது எல்லோருக்கும் எழுதும் ஒரே கதையா? தேதிகள் சரியா? பிழை இருந்தால் விசாரணைக்கு முன்பே வக்கீல் மூலம் திருத்தலாம். இறுதி விசாரணையில் அரசு வக்கீல் கண்டுபிடித்தால், அதே பிழைக்குப் பொய் என்று பெயர்.

வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கதவைத் திறக்காமலே பேசலாம். நீதிபதி கையெழுத்திட்ட ஆணை இருக்கிறதா, கதவுக்குக் கீழே தள்ளுங்கள் என்று கேட்கலாம். காகிதத்தின் மேலே ஒரு நீதிமன்றத்தின் பெயரும் கீழே நீதிபதியின் கையெழுத்தும் இருக்க வேண்டும். 'டிபார்ட்மென்ட் ஆஃப் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி' என்று தலைப்பிட்டு அதிகாரியே கையெழுத்திட்ட ஐ-200 போன்ற காகிதம் வீட்டுக்குள் நுழைய அதிகாரம் தராது. "போலீஸ்" என்று சொல்லிக்கொண்டு வருவதும் உண்டு. அவர்கள் மீறி நுழைந்தால் தடுக்காதீர்கள், தள்ளாதீர்கள், ஓடாதீர்கள். "நான் சம்மதிக்கவில்லை" என்று மட்டும் உரக்கச் சொல்லுங்கள். வக்கீல் இல்லாமல் கேள்விகளுக்குப் பதில் சொல்லவோ எதிலும் கையெழுத்துப் போடவோ வேண்டாம். அமைதியாக இருக்கலாம், பொய் சொல்லக் கூடாது. குறிப்பாக "நான் சிட்டிசன்" என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு பொய் வாழ்நாள் தடை. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர்கள் தங்கள் குடிவரவுப் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், உங்கள் கணவருக்கு அவருடைய வொர்க் பெர்மிட் அட்டையே போதும்.

குயின்ஸில் நம் ஆட்கள் ஒரு வீட்டை இரண்டு மூன்று குடும்பமாகப் பகிர்ந்து இருப்பது சாதாரணம். உங்களுடையதும் அப்படியென்றால் கூட இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். நீங்கள் திறக்காத கதவை வாடகைக்கு இருக்கும் தம்பி திறந்து "வாங்க சார்" என்றால் அதுவும் சம்மதமாகிவிடலாம்.

மகனைப் பள்ளிக்கு அனுப்புங்கள். குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு இலவசப் பொதுப்பள்ளிக் கல்வி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982இல், டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த ப்ளைலர் எதிர் டோ வழக்கில் சொல்லிவிட்டது. பள்ளி, மருத்துவமனை, கோயில் போன்ற இடங்களில் பொதுவாகக் கைது செய்வதில்லை என்று ஐஸ் வைத்திருந்த கொள்கையை 2025 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள், அது உண்மை. ஆனாலும் நீதிபதியின் ஆணை இல்லாமல் உள்ளே விடுவதில்லை என்பது நியூயார்க் நகரப் பள்ளிகளின் நடைமுறை. பள்ளியில் இருக்கும் அவசரத் தொடர்பு அட்டையை மட்டும் இந்த வாரமே புதுப்பியுங்கள். உங்கள் இருவரோடு சேர்த்து, பிள்ளையைக் கூட்டிப்போகக்கூடிய இன்னும் இருவரின் பெயர் வேண்டும், முடிந்தால் நிலையான அந்தஸ்து உள்ளவர்கள். பள்ளிக் கூட்டங்களில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தருவது பள்ளியின் கடமை. மகனை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். 14 வயதுப் பிள்ளை வீட்டின் எல்லாக் கடிதத்தையும் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தால், வீட்டின் எல்லாப் பயமும் அவன் தலையில்தான் ஏறும்.

"பிள்ளைகளை யார் பார்ப்பது" என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் எழுதி வைக்க முடியும். கணவரை மட்டும் பிடித்தால் நீங்கள் இருக்கிறீர்கள், பிள்ளைகள் உங்களோடுதான். இருவரும் இல்லாத நிலைக்காக நியூயார்க்கில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெற்றோருக்குப் பதிலாகப் பள்ளி, மருத்துவ முடிவுகளை எடுக்க ஒருவரை நியமிக்கும் படிவம். கோர்ட் தேவையில்லை, 12 மாதம் வரை செல்லும், உங்கள் பெற்றோர் உரிமை எதுவும் போகாது. இன்னொன்று காத்திருப்புப் பாதுகாவலர் நியமனம். பெற்றோர் குடிவரவுக் காரணத்துக்காகப் பிடிக்கப்பட்டாலோ நாடு கடத்தப்பட்டாலோ அது நடைமுறைக்கு வரும்படி 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். முதலாவதை உடனே செய்யுங்கள், இரண்டாவதை வக்கீலோடு பேசி முடிவெடுங்கள். யாரை நியமிக்கிறீர்களோ அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். சிலர் பெயரைப் போட்டுவிட்டு அவருக்கே சொல்வதில்லை.

மகளுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் கோர்ட் தேதிக்கு முன்பே விண்ணப்பியுங்கள். 16 வயதுக்குக் கீழே பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும், அல்லது வராதவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் தர வேண்டும். தடுப்பில் இருக்கும் தகப்பனிடம் நோட்டரி கையெழுத்து வாங்க அலைந்த தாய்மார்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். இலங்கைத் தூதரகப் பக்கம் மட்டும் போகாதீர்கள். கைது நடந்தால் "உங்கள் தூதரகத்துக்குச் சொல்லவா" என்று அதிகாரிகள் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லலாம். எந்த அரசுக்குப் பயந்து வந்தீர்களோ அந்த அரசிடமே உதவி கேட்டதாகக் கேஸில் வரக் கூடாது. அசைலம் மனுவில் இருக்கும் விவரங்கள் ரகசியமாக வைக்கப்பட வேண்டியவை.

ஒருவேளை பிடித்துவிட்டால், ஐஸ் இணையதளத்தில் ஆளைத் தேடும் பக்கம் இருக்கிறது. ஏ நம்பரும் பிறந்த நாடும் வேண்டும். இல்லாவிட்டால் பெயரை அவர்கள் எழுதிய அதே எழுத்துக்கூட்டலில் போட வேண்டும், நம் பெயர்களின் நீளத்துக்கு அது நடக்கிற காரியமில்லை. எனவே மூவரின் ஏ நம்பரும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

செலவுக்கு வழி. மகள் அமெரிக்கக் குடிமகள், மருத்துவக் காப்பீடு, உணவு உதவி எல்லாவற்றுக்கும் அவள் பெயரில் விண்ணப்பிக்கலாம். குழந்தைக்காக விண்ணப்பிக்கும்போது உங்கள் குடிவரவு நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான விக் ஊட்டச்சத்து உதவிக்குக் குடிவரவு நிலையே பார்ப்பதில்லை. மகனுக்கு நியூயார்க்கின் சைல்ட் ஹெல்த் பிளஸ் காப்பீடு 19 வயது வரை உண்டு, அதற்கும் நிலை தடையில்லை. இவற்றை வாங்கினால் கேஸ் கெடும் என்று சொல்வார்கள். 'அரசுக்குச் சுமை' என்ற விதி அசைலம் கேட்பவர்களுக்கும், அசைலம் கிடைத்து கிரீன் கார்டு கேட்பவர்களுக்கும் பொருந்தாது. மருத்துவ உதவிக் கோப்பின் விவரங்களைக் குடிவரவுத் துறையோடு பகிர்வது பற்றி 2025இலிருந்து வழக்குகள் நடக்கின்றன. அதனால் தயக்கம் வருவது நியாயம்தான், ஆனால் உங்கள் முகவரி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. மகளின் தடுப்பூசியை அதற்காக நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

கணவரின் வொர்க் பெர்மிட் எப்போது முடிகிறது என்று பாருங்கள். புதுப்பிக்கப் போட்டுவிட்டால் பழையது தானாக நீளும் என்ற வசதியை, 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு எடுத்துவிட்டார்கள். முடிவதற்கு 180 நாள் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். அசைலம் மனு நிலுவையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 100 டாலர் அளவில் ஒரு கட்டணமும் 2025இல் வந்திருக்கிறது. அது பற்றிக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால் விளம்பரக் கடிதம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

வக்கீல் தேட, நியூயார்க் மாநிலத்தின் புதிய அமெரிக்கர் அலுவலக இலவச எண் 1-800-566-7636. எடுத்தவுடன் "தமிழ்" என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் கொண்டுவருவார்கள். கூடவே குடிவரவு நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவச வக்கீல்களின் பட்டியல் மாநிலவாரியாக இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். பாதிப்பேர் இடமில்லை என்பார்கள், அது உங்கள் கேஸ் மோசம் என்பதால் அல்ல, அவர்களிடம் ஆள் இல்லை என்பதால். கோர்ட் நாளில் குடும்பங்களோடு கூட வந்து உட்காரும் தன்னார்வலர்களும் நியூயார்க்கில் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் அதே எண்ணில் கேளுங்கள். தேதி அடுத்த மாதம் என்கிறீர்கள். இன்றைக்கே ஆரம்பியுங்கள், கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.